பேச்சை எழுத்தாக்கும்போது சொல்லின் கடைசியை எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தெருக்கூத்துக் கலைஞர்களின் பேட்டி, வேடியப்பன் கல் எனப்படும் நடுகல் பற்றிய ஊர்க்கதை, புளி வியாபாரிகளின் அனுபவம், மாந்தோப்புக்காரர்களின் கணக்கு என்று பலவற்றைப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வது எளிது. அதைக் கேட்டு எழுத உட்கார்ந்ததும் முதல் நிமிடத்திலேயே கை நின்றுவிடும். “வந்தா” என்று காதில் விழுகிறது. அதை எப்படி எழுதுவது? விழுந்த எழுத்துக்கு ஏதாவது குறி போட வேண்டுமா? இந்த வேலையில் இறங்குவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஆங்கிலத்தில் போடுவதுபோல விழுந்த எழுத்துக்கு அப்பாஸ்ட்ரஃபி (’) போடலாமா?

வேண்டாம். நான்கு காரணங்கள் உண்டு.

பேச்சு வடிவம் உடைந்துபோன எழுத்து வடிவம் அல்ல. “நீங்க” என்பது தன்னளவில் முழுச்சொல். அதன் பின்னால் ஒரு குறி தொங்கினால் ஏதோ குறைபாடு என்று படிப்பவர் நினைப்பார்.

அந்தக் குறி எந்த எழுத்து விழுந்தது என்றும் சொல்லாது. “வந்தா” என்பதன் பின்னால் விழுந்தது ள்-ஆ, ல்-ஆ என்பதுதான் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது. குறி அதைப் பற்றி வாய் திறக்காது.

மூன்றாவது, தேடல். நேரான அப்பாஸ்ட்ரஃபியும் வளைந்த அப்பாஸ்ட்ரஃபியும் கணினிக்கு வேறு வேறு எழுத்துகள். ஒரே கோப்பில் இரண்டும் கலந்துவிட்டால் அந்தச் சொல்லைத் தேடும்போது பாதிதான் அகப்படும்.

நான்காவது, பேச்சுக்குள் பேச்சு வரும் இடத்தில் ஒற்றை மேற்கோள் குறி தேவைப்படும். இரண்டும் அருகருகே வந்தால் எது மேற்கோளின் முடிவு என்று கண் தடுமாறும்.

“வந்தா” என்று கேட்கிறது. வந்தானா, வந்தாளா, வந்தாலா?

இந்த வேலையில் அதிகப் பிழை நடக்கும் இடம் இதுதான். வேகமான பேச்சில் வந்தான், வந்தாள், வந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். முடிவு செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் மூக்கொலியைப் பாருங்கள். வேகத்தை 0.7 அளவுக்குக் குறைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று முறை ஓட்டுங்கள். கடைசி உயிர் மூக்கில் ஏறினால் அது “வந்தான்”. பேச்சில் ன், ம் இரண்டும் சொல்லின் கடைசியில் முழு மெய்யாக ஒலிப்பதில்லை, உயிரோடு கரைந்து மூக்கொலியாகிவிடும். ஆனாலும் எழுத்தில் அவற்றை விடக் கூடாது. “அவன்” என்பதில் ன் சரியாகக் கேட்கவில்லை என்று “அவ” என்று எழுதினால் ஆண் பெண்ணாகிவிடுவார். தமிழ் படிப்பவர் “மரம்”, “அவன்” என்று கண்டதும் தானாகவே மூக்கொலியோடுதான் பேச்சில் வாசிப்பார். எனவே மூக்கொலி கேட்டால் ன், ம் எழுதுங்கள்.

மூக்கொலி இல்லையென்றால் வந்தாள், வந்தால் இரண்டில் ஒன்று. இரண்டையும் “வந்தா” என்றே எழுதலாம். வேறுபாட்டை நிறுத்தற்குறி காட்டட்டும்.

“அவ வந்தா சொல்லு.” அவள் வந்தால் சொல் என்று பொருள்.
“அவ வந்தா. சொல்லு.” அவள் வந்தாள், நீ சொல் என்று பொருள்.

ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான். ஆனால் அது தவறினால் நடந்த செய்தி நடக்காத நிபந்தனையாகிவிடும். பேசுபவரின் குரல் இறங்கி நின்றதா, அல்லது மேலேயே தங்கி அடுத்த சொல்லோடு ஓடியதா என்று கேளுங்கள். இறங்கினால் புள்ளி. அப்படியும் தெளியாவிட்டால் சதுர அடைப்புக்குள் [வந்தாள்] அல்லது [வந்தால்] என்று எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் கொடுங்கள். இந்தப் பக்கம் சிலர் நிபந்தனையை “வந்தாக்கா”, “வந்தான்னா” என்று தெளிவாகவே சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அப்படியே எழுதுங்கள், “வந்தா” என்று சுருக்காதீர்கள்.

ள், ல் விழும் மற்ற சொற்களை எப்படி எழுதுவது?

நீங்க, அவங்க, வந்தாங்க, அவ என்று கேட்டபடியே. ஓரசைச் சொற்களில் மெய் விழாது, பின்னால் உகரம் ஏறும்: கல்லு, பல்லு, ஆளு, பாலு. உகரம் கேட்டால் எழுதுங்கள்.

“வந்தாங்க” என்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அது பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். “அம்மா வந்தாங்க” என்பதைப் பின்னர் எழுத்துத் தமிழுக்கு மாற்றுபவர் “அம்மாக்கள் வந்தார்கள்” என்று படித்துவிட வாய்ப்பில்லை. ஆனால் “அவங்க வந்தாங்க” என்றால் ஒருவரா, நாலு பேரா என்பது பதிவைக் கேட்டவருக்குத்தான் தெரியும். தெரிந்ததை அங்கேயே அடைப்பில் குறித்துவிடுங்கள்.

‘என்று’ என்பது ‘ன்னு’ ஆகிறது. சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

சேர்த்துத்தான் எழுத வேண்டும். “நாளைக்கு வரேன்னு சொன்னாரு.” “மழ போச்சுன்னு அழுதாங்க.” தமிழில் எந்தச் சொல்லும் ன் என்ற மெய்யில் தொடங்காது. பிரித்து எழுதினால் வரி மடங்கும்போது “ன்னு” தனியாக அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். பார்க்கவே ஒவ்வாது.

மேற்கோள் குறி எப்போது? சொன்னது ஐந்தாறு சொல்லுக்குள் இருந்தால் குறியே வேண்டாம். நீண்ட பேச்சென்றால் குறிக்குள் அடைத்து, மூடிய குறியை ஒட்டி இடைவெளி விடாமல் ன்னு போடுங்கள்: “நீ மொதல்ல கெளம்பு, நான் மாட்டப் பிடிச்சுக் கட்டிட்டு வரேன்”ன்னு சொன்னாரு.

‘-ஆம்’ என்ற ஈற்றை விட்டுவிடலாமா? “போனாராம்”, “இருந்துச்சாம்” என்று அடிக்கடி வருகிறதே.

ஒருபோதும் விடாதீர்கள். எருது விடும் விழாவைப் பற்றி ஒருவர் “எருது வேலியத் தாண்டிருச்சு” என்றால் அவர் கண்ணால் பார்த்தார். “தாண்டிருச்சாம்” என்றால் பிறர் சொல்லிக் கேட்டார். வாய்மொழி வரலாற்றில் சாட்சி எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துக் காட்டும் ஒரே தடயம் பல இடங்களில் இந்த ஆம் மட்டுமே. வேகமான பேச்சில் இது மூக்கொலியாகத் தேய்ந்து “தாண்டிருச்சா” என்பதுபோலக் கேட்கும். அதைக் கேள்விக்குறியோடு எழுதிவைத்தால் செய்தி கேள்வியாக மாறிவிடும். நடுகல் கதை, குலதெய்வக் கதை கேட்டெழுதும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் இந்த ஈறு வரும். படிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று திருத்துபவர்கள் வெட்டுவதுண்டு. வெட்டினால் ஊரார் வழிவழியாகக் கேட்ட கதை, சொன்னவர் நேரில் பார்த்த சம்பவமாகிவிடும்.

“பேசிட்டு”, “பேசிக்கிட்டு”, “பேசிக்கினு” எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. “பேசிட்டு” என்பதற்கு இரண்டு பொருள். “பேசிட்டு இருந்தாங்க” என்றால் பேசிக்கொண்டிருந்தார்கள். “பேசிட்டு போனாங்க” என்றால் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்து வரும் வினைதான் பொருளைத் தீர்மானிக்கிறது. “பேசிக்கினு” என்பதில் இந்தக் குழப்பமே இல்லை, அது கொண்டு என்பதன் வடமாவட்ட வடிவம். அதை மதுரைப் பக்கத்து “பேசிக்கிட்டு” ஆக்கினால் பேசியவர் எந்த ஊர்க்காரர் என்ற அடையாளத்தையே அழித்துவிடுகிறோம்.

இருக்கு, இருக்குது, இக்குது, கீது ஆகியவையும் அப்படியே. ஒரே ஆள் ஒரே பேட்டியில் வெளியூர்க்காரரிடம் “இருக்குது” என்றும், பக்கத்திலிருக்கும் தம்பியிடம் திரும்பி “கீது” என்றும் சொல்வார். அந்த மாற்றமே ஒரு செய்தி. சீராக்குகிறேன் என்று இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

கேட்டபடி எழுதுவது என்றால் பழத்தைப் ‘பயம்’ என்று எழுதுவதா?

இங்கே கோடு கிழிக்க வேண்டும். சொல்லின் ஈறும் வினையின் வடிவமும் வேறு, தனி எழுத்தின் உச்சரிப்பு வேறு. ஈற்றையும் வினை வடிவத்தையும் கேட்டபடி எழுதுங்கள். ழகரத்தை யகரமாகவோ ளகரமாகவோ ஒலிப்பதைப் பொதுவான வேலைகளில் எழுத வேண்டியதில்லை. பெங்களூரா மாங்காய் பற்றிப் பேசும் கிருஷ்ணகிரி விவசாயி “பயம் நல்லா இருக்கும்” என்றதாக எழுதிவைத்தால் படிப்பவருக்கு அச்சம்தான் நினைவுக்கு வரும். “பழம் நல்லா இருக்கும்” என்று எழுதுங்கள். ஒலியையே ஆராயும் பதிவென்றால் அதற்குத் தனிப் பத்தி ஒதுக்கிக்கொள்ளலாம்.

அதேபோல “சோறு” என்பதை “ஸோறு” என்று எழுதாதீர்கள். சொல் முதலில் சகரம் அப்படித்தான் ஒலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வட்டாரச் சொற்களை மட்டும் தொடாதீர்கள். பாட்டியை “ஆயா” என்றால் ஆயாதான். கேழ்வரகைக் “கேவுரு” என்றால் கேவுருதான், முதல் முறை வரும்போது அடைப்பில் [கேழ்வரகு] என்று ஒரு தடவை போட்டால் போதும்.

படிக்காதவர் பேச்சை மட்டும் பேச்சு வடிவில் எழுதி, அதிகாரி பேச்சை எழுத்துத் தமிழில் எழுதலாமா?

இது பெரிய அநீதி, பல பதிவுகளில் காணக் கிடைக்கிறது. களி கிண்டும் அம்மா “போவுது” என்றதும் அப்படியே இறங்குகிறது. அவரைப் பேட்டி எடுத்தவர் “போகுதுங்களா” என்று கேட்டது மட்டும் “போகிறதா” என்று திருந்திவிடுகிறது. தாளில் பார்த்தால் ஒருவர் அறிவாளி, ஒருவர் அறியாதவர். உண்மையில் இருவருமே பேச்சுத் தமிழில்தான் பேசினார்கள். பட்டம் பெற்றவரும் “வந்துட்டேன்” என்றுதான் சொல்வார், “வந்துவிட்டேன்” என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஒரு பதிவுக்கு ஒரே விதி. கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் அதே விதி. எழுதி முடித்ததும் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு முறை படியுங்கள். அதில் “கிறது”, “கின்றன”, “விட்டது” தென்பட்டால் ஒலியைப் போட்டுச் சரிபாருங்கள். பெரும்பாலும் எழுதியவரின் கை தானாகத் திருத்திய இடமாகத்தான் இருக்கும்.

‘-ங்க’ என்ற மரியாதை ஈறு ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகிறது. குறைக்கலாமா?

சரிங்க, ஆமாங்க, இல்லீங்க என எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், குறைக்காதீர்கள். யார் யாருக்கு மரியாதை கொடுத்தார், பேச்சின் நடுவே எப்போது அதை நிறுத்தினார் என்பது அதில்தான் தெரியும்.

வல்லெழுத்து மிகுவதைப் பேச்சில் என்ன செய்வது?

எழுத்துத் தமிழ் விதிகளை முழுதாகக் கொண்டுவந்தால் பேச்சு விறைத்துப்போகும். சொற்களுக்கு இடையே பொதுவாக விட்டுவிடலாம்: “அவங்களுக்கு சொன்னேன்.” இரண்டு இடத்தில் மட்டும் போடுங்கள். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்: “அந்தப் பக்கம்”. அங்கே ஒற்று காதிலேயே கேட்கும். அடுத்தது, இரண்டாம் வேற்றுமைக்குப் பின். பேச்சில் ஐ என்ற உருபு அகரமாகத் தேய்ந்துவிடுவதால் “மாட்ட” என்றால் மாட்டையா, “வர மாட்ட” என்பதில் வரும் மாட்டவா என்று கண் ஒரு கணம் தடுக்கும். “மாட்டப் பிடி” என்று ஒற்றுப் போட்டால் தடை இல்லை.

தலை, மலை, இலை ஆகியவற்றைத் தல, மல, எல என்று எழுதலாமா?

எழுதலாம். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகும் என்பதை ஐகாரக்குறுக்கம் என்று நம் இலக்கணமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு கோப்பில் “மழ” என்று தொடங்கினால் கடைசிவரை “மழ”. பாதியில் “மழை” வந்தால் இரண்டு பேர் எழுதியதுபோல ஆகிவிடும்.

இழுத்துப் பேசுவதை எப்படிக் காட்டுவது?

“பெரீய்ய்ய்ய” என்று மெய்யை அடுக்க வேண்டாம். தமிழுக்கு அளபெடை என்ற வழி இருக்கிறது. நெடிலுக்குப் பின் அதன் இனக் குறிலை எழுதினால் இழுப்பு புரிந்துவிடும்: “பெரீஇய ஏரி”, “வேகமாஅ ஓடினான்”. இழுப்பு பொருளைக் கூட்டும் இடத்தில் மட்டும் போதும்.

சொல்லின் நடுவே பேச்சு அறுந்தால் சிறுகோடு: “நான் போயி- இல்ல, அவன்தான் போனான்.” முடிக்காமல் தேய்ந்து நின்றால் மூன்று புள்ளி. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். முதலாவது பேசுபவர் தன்னைத் திருத்திக்கொண்டது, இரண்டாவது சொல்ல விரும்பாமலோ முடியாமலோ விட்டது.

இரட்டைச் சொற்கள்?

சலசலன்னு, படபடன்னு ஆகியவை இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் இல்லை, எனவே சேர்த்து. “வா வா”, “போ போ” என்பவை அடுக்குத்தொடர், எனவே பிரித்து. எதிரொலிச் சொற்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் போதும், கோடு வேண்டாம்: மாடு கீடு, பணம் கிணம், புளி கிளி. முதல் எழுத்து குறிலென்றால் கி, நெடிலென்றால் கீ. மங்கலாகக் கேட்கும் பதிவில் இந்த விதி கைகொடுக்கும்.

“வந்து”, “அது”, “ம்” போன்றவற்றை எழுத வேண்டுமா?

முழுப்பேச்சு வேண்டுமென்றால் எழுத வேண்டும். “வந்து” நிரப்புச்சொல்லாக வந்தால் பின்னால் காற்புள்ளி: “நான் வந்து, அப்ப சின்னப் பையன்.” காற்புள்ளி இல்லாவிட்டால் எங்கிருந்தோ வந்ததாக அர்த்தமாகும். ஒப்புதலுக்கு “ம்”, மறுப்புக்கு “ம்ஹூம்” என்று இரண்டு வடிவங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பதில் ஆமா, இல்லையா என்பதே இந்த ஓர் ஒலியில் தொங்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பேச்சின் நடுவே தெலுங்கும் கன்னடமும் வருகிறது. என்ன செய்வது?

அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் [தெலுங்கு] அல்லது [கன்னடம்] என்று குறித்து, ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடுத்த வரியில் தமிழ்ப் பொருளைக் கொடுங்கள். தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் பிரியாது என்பதால் தெலுங்குச் சொல் அடையாளம் தெரியாமல் போகக்கூடும். மொழி தெரிந்தவர் இருந்தால் தனிப் பத்தியில் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழ் ஈறு ஒட்டிய வெளிமொழிச் சொற்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: பஸ்ஸுல, லோனுக்கு, போன்ல என்று ஒரே சொல்லாக எழுதினால் போதும்.

ஆங்கிலப் பேச்சையே ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை வந்திருக்கிறது. அங்கே விதி என்ன?

அங்கே அப்பாஸ்ட்ரஃபி உண்டு. “கமிங்” என்பதைக் “கமின்” என்று ஒலித்தால் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பாஸ்ட்ரஃபி போடுவது வழக்கம். உண்மையில் அங்கே எந்த ஒலியும் விழவில்லை, ‘ங்’ என்ற ஒலி ‘ன்’ ஆகிறது, அவ்வளவுதான். குறி காட்டுவது எழுத்தின் இழப்பை. வாக்கியம் அங்கேயே முடிந்தால் அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின்தான் முற்றுப்புள்ளி. “கானா” (கோயிங் டு), “வான்னா” (வான்ட் டு) போல இரண்டு சொல் உருகி ஒன்றானவற்றுக்குக் குறி எதுவும் கிடையாது.

அடிக்கடி நடக்கும் பிழை சொல்லின் முதலில். ‘பிகாஸ்’ என்பது ‘காஸ்’ ஆகும்போது குறி முன்னால் வரும். தட்டச்சு மென்பொருள் அதைத் தொடக்க மேற்கோள் என்று நினைத்து எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். அப்பாஸ்ட்ரஃபியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழித்தால் சரியான வளைவு கிடைக்கும். வேலை கொடுத்தவர் சுத்தப்படுத்திய வடிவம் கேட்டால் இவை எதுவும் வேண்டாம், முழுச்சொல்லாக எழுத வேண்டும். தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடப்பெயர்களும் பழைய மாவட்டப் பெயர்களும்?

இடப்பெயரை வழக்கமான எழுத்தில் எழுதுங்கள்: பேச்சில் “கிஷ்ணகிரி” என்றாலும் கிருஷ்ணகிரி. தருமபுரி, தர்மபுரி இரண்டும் வழக்கில் உள்ளவை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வயதானவர் “அப்ப நாங்க சேலம் ஜில்லா” என்றால் திருத்தாதீர்கள், அவர் சொல்வது சரி. 1965-ல்தான் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. அதனால் கோப்பின் தலைப்பில் மாவட்டத்தோடு ஊர், வட்டம், பதிவு தேதி மூன்றையும் எழுதிவையுங்கள்.

எழுதிய கோப்பில் தேடினால் சொல் கிடைப்பதில்லை. ஏன்?

மூன்று இடங்களைப் பாருங்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரம் தட்டப்பட்டிருக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கலாம். “கொ” போன்ற எழுத்தில் கொம்பும் காலும் ஒரே குறியாக இல்லாமல் இரண்டாகத் தட்டப்பட்டிருக்கலாம். தவறான வடிவத்தை நகலெடுத்துத் தேடி, மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தெளிவான ஒலி, ஒருவர் மட்டும் பேச்சு என்றால் பழகியவருக்கு 4 முதல் 6 மணி நேரம். கூத்துக் கொட்டகை இரைச்சல், நான்கு பேர் சேர்ந்து பேசுவது, இரண்டு மொழிக் கலப்பு என்றால் இன்னும் கூடும்.

முதலில் எழுதாமல் முழுவதையும் ஒரு முறை கேளுங்கள். பிறகு முதல் 10 நிமிடத்தை மட்டும் எழுதி, அதில் வந்த ஈறுகளை எல்லாம் ஒரு பட்டியலாக்குங்கள்: வரேன்-ஆ, வர்றேன்-ஆ, வீட்டுல-ஆ, வீட்ல-ஆ, போச்சு-ஆ, போச்சி-ஆ. அந்தப் பட்டியலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியை 5 முதல் 10 நொடித் துண்டுகளாக எழுதுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறையும், பேசுபவர் மாறும்போதும் நேரக்குறி போடுங்கள். மூன்று முறை கேட்டும் பிடிபடாத சொல்லில் நிற்காதீர்கள், [தெளிவில்லை 12:40] என்று போட்டுவிட்டு நகருங்கள்.

தானியங்கி மென்பொருளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அது பேச்சு வடிவையும் எழுத்து வடிவையும் கலந்து தரும், ஓரிடத்தில் “வந்துட்டாங்க”, அடுத்த வரியில் “வந்துவிட்டார்கள்”. ஒவ்வோர் ஈற்றையும் ஒலியோடு ஒப்பிடாமல் அதை ஏற்க முடியாது.

எல்லாம் முடிந்தபின் அந்த ஊர்க்காரர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, அந்த நொடிகளை மட்டும் பதிவில் திரும்பக் கேளுங்கள்.